பாதை யாவர்க்கும் பொது

நுழையும்முன்

பெண்கல்வியிலும் மகளிர் வேலைவாய்ப்பிலும் தமிழ்நாடு நெடுந்தொலைவு வந்துள்ளது. ஆயினும், வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலுள்ள பாதையை அச்சமின்றிக் கடப்பது பெண்களுக்கு இன்னும் எளிதாகவில்லை. அப்பாதையைத் திறப்பதில் சட்டத்தின் பங்கு யாது? சமூகத்தின் பங்கு யாது? சென்னையின் தென்புறநகரை நிலைக்களனாகக் கொண்டு இப்பாடம் அவ்வினாக்களை ஆராய்கிறது.

நீர் சூழ்ந்த மலை

பல்லாவரத்துக்கு மேற்கே, குன்றின்மீதும் அடிவாரத்திலும் திருமால் கோயில் கொண்ட ஊர் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் இத்தலத்தை வழிபட வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் அரண்போலச் சூழ்ந்திருந்தது என்றும், நீர் வடிந்து வழி கிடைக்கும்வரை அவர் ஆறு திங்கள் காத்திருந்தார் என்றும் தலவரலாறு கூறும். சேரவேண்டிய இடம் கண்முன்னே தெரிந்தும் வழி மட்டும் அடைபட்டிருந்த நிலை அது.

இன்றைய திருநீர்மலை, 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021ஆம் ஆண்டில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. பொழுது புலரும் முன்பே இப்பகுதியின் பேருந்து நிறுத்தங்களில் பெண்கள் காத்திருக்கத் தொடங்குகின்றனர். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தொடர்வண்டி ஏறும் கல்லூரி மாணவியர், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி மண்டலத்துக்குச் செல்லும் தொழிலாளர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குச் செல்வோர், மருத்துவமனைகளிலும் கடைகளிலும் வீடுகளிலும் பணிபுரிவோர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றானபின், பயணச் செலவு என்னும் தடை அவர்களுக்குப் பெருமளவு நீங்கியது.

அச்சம் என்னும் தடை அவ்வாறு நீங்கிவிடவில்லை. விளக்கில்லாத தெருமுனை, நெரிசலில் உரசும் கை, பின்தொடரும் இருசக்கர வாகனம், அலைபேசியில் வந்துகொண்டேயிருக்கும் அறிமுகமற்ற எண் ஆகியவை ஒரு பெண்ணின் நாளில் எவராலும் கணக்கில் எடுக்கப்படாத சுமைகள். சேரவேண்டிய இடம் தெரிகிறது. செல்லும் திறமும் இருக்கிறது. வழி மட்டும் முழுமையாகத் திறக்கவில்லை.

அரசமைப்பு தந்த பாதை

இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, பாலின அடிப்படையில் எவரிடத்தும் வேறுபாடு காட்டலாகாது என விதிக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எக்குடிமகனுக்கும் அத்தகைய தடை இருத்தலாகாது என்று எடுத்துரைக்கிறது. சாலை என்னும் சொல் அங்கே இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது. நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை 19ஆம் உறுப்பும், உயிருக்கும் உடல்சார் உரிமைக்குமான காப்பினை 21ஆம் உறுப்பும் அளிக்கின்றன. பெண்களின் மாண்பைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுதல் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 51அ உறுப்பு கூறுகிறது.

ஆகவே, அச்சமின்றித் தெருவில் நடத்தல் ஒரு பெண்ணுக்குப் பிறர் வழங்கும் சலுகையன்று, அவர்தம் உரிமை. அவ்வுரிமையைக் காத்தல் அரசுக்கு மட்டுமன்றி அத்தெருவில் நடக்கும் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும்.

வழித்தடம் கூறும் வரலாறு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தென்புறநகர் வளர்ந்ததும், இப்பகுதிப் பெண்கள் நகரத்துக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்ல முடிந்ததும் இவ்வழித்தடத்தால் நிகழ்ந்தவை. பெண்களின் உரிமைப் போராட்டத்தையும் அதற்கு அவர்கள் தந்த விலையையும் இவ்வழித்தடத்தின் ஊர்களிலேயே காணலாம்.

இருப்புப்பாதை தெற்கே சென்று சேரும் செங்கல்பட்டில் 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானம் இயற்றியது. அதன்பின் 60 ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்மக்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு அளித்தது. 2005ஆம் ஆண்டில் இந்திய அளவிலும் அத்திருத்தம் நிறைவேறியது. சொத்துரிமைக்கும் பாதுகாப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தனக்கென ஒரு கூரையும் வருவாயும் இல்லாத பெண், துன்புறுத்தும் வீட்டைவிட்டு வெளியேற இயலாது. இங்கே சமூகத்தின் சிந்தனை முன்னே நடந்தது. சட்டம் பின்னே வந்தது.

பொதுவெளிப் பாதுகாப்புக்கான சட்டங்களோ வேறு வழியில் பிறந்தன. 1998ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சென்னை எழும்பூரில் ஒரு மகளிர் கல்லூரியின் அருகே, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் வரம்புமீறிய செயலால் ஒரு மாணவி கீழே விழுந்து, தலையில் காயமுற்று, சில நாள்களில் உயிரிழந்தார். மாநிலமே அதிர்ந்தது. அதே மாத இறுதியில் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர் அது தமிழ்நாட்டின் தனிச்சட்டமாக நிறைவேறியது. 2025ஆம் ஆண்டில் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காலையில், இதே வழித்தடத்தின் நுங்கம்பாக்கம் நிலையத்தில், பணிக்குச் செல்லக் காத்திருந்த ஓர் இளம்பெண் பயணிகள் நின்றிருந்த நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமரா இல்லை என்பது அதன்பின்னரே பெரும் பேச்சானது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், பரங்கிமலை நிலையத்தில் 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஓடிவந்த தொடர்வண்டியின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளிய இளைஞருக்குச் சென்னை மகளிர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் மரண தண்டனை விதித்தது.

ஒவ்வோர் இழப்புக்குப் பின்னும் ஒரு சட்டமோ, ஒரு கேமராவோ, ஒரு தீர்ப்போ வந்திருக்கிறது. அவை தேவையானவை. எனினும், ஓர் உயிர் போனபின்பே விழித்துக்கொள்ளும் சமூகம், அடுத்த உயிரைக் காக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டதாகக் கருத இயலாது.

நாடு தழுவிய சட்டங்கள்

இந்திய அளவிலும் இதே நிலையைக் காணலாம். ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992ஆம் ஆண்டில் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். அதனையொட்டி எழுந்த விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்நெறிமுறைகள் தனிச்சட்டமாக 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க்குழு அமைதல் வேண்டும். பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் இருப்போரும், வீட்டுப்பணியாளரும் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம்.

2012ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து நீதியரசர் ஜே. எஸ். வர்மா தலைமையில் குழு அமைந்தது. அக்குழு ஒரு மாதத்துக்குள் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 2013ஆம் ஆண்டில் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல், அமிலம் வீசுதல் முதலியவை தனித்தனிக் குற்றங்களாக வரையறுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை இடம்பெற்றுள்ளன. விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணை நேரிலோ இணையவழியிலோ விடாது பின்தொடர்வது இன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2012ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை. பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, வழிபாட்டிடம் முதலிய இடங்களில் சீருடை அணியாத மகளிர் காவலரை அமர்த்த வேண்டும். முதன்மையான இடங்களில் கேமராக்களைப் பொருத்த வேண்டும். பேருந்தில் துன்புறுத்தல் நிகழ்ந்து, பாதிக்கப்பட்ட பெண் கேட்டுக்கொண்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நிகழ்வைக் கண்ணுற்றவர்கள் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவ்வாணைகளுள் ஒன்று. பார்த்தும் பாராதது போலக் கடந்துசெல்வதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

தடுப்பதா, காப்பதா?

‘இருட்டியபின் வெளியே போகாதே’ என்பது பல வீடுகளில் பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. அன்பினால் சொல்லப்படுவதே ஆயினும், தவறு செய்பவனைத் தெருவில் விட்டுவிட்டு, தவறு செய்யாதவரை வீட்டுக்குள் நிறுத்தும் ஏற்பாடு அது.

இவ்வினாவுக்குச் சட்டத்தின் வழியில் ஒரு விடை தமிழ்நாட்டில் கிடைத்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பெண்களைப் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்திருந்தது. பாதுகாப்பைக் கருதி இயற்றப்பட்ட அவ்விதி, இரவுப்பணியால் கிடைக்கும் வருவாயையும் வாய்ப்பையும் பெண்களுக்கு இல்லாமலாக்கியது. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதி அரசமைப்பின் சமத்துவ நெறிக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அத்துடன் நில்லாமல், இரவில் பெண்களைப் பணியமர்த்தும் நிறுவனம் போக்குவரத்து வசதி உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்றும் பணித்தது. அதுவரை பெண்ணின் தோளில் இருந்த பொறுப்பு, பணியமர்த்துபவரின் தோளுக்கு மாறியது.

பாதுகாப்பு பற்றிய எந்த ஏற்பாட்டையும் மதிப்பிடுவதற்கு இத்தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஓர் ஏற்பாட்டினால் பெண் செல்லும் இடங்கள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று வினவ வேண்டும். தெருவிளக்கும், நேரத்துக்கு வரும் பேருந்தும், தூய்மையான கழிப்பறையும், ஆள்நடமாட்டமுள்ள நிழற்குடையும் அவரது உலகை விரிவாக்குகின்றன. கதவடைப்பு அதனைச் சுருக்குகிறது. இத்தகைய வசதிகள் பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்பில் இருப்பவை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக 2022ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் வசந்தகுமாரி கமலக்கண்ணன் என்னும் இளம்பெண். எந்தத் தெரு இருண்டிருக்கிறது என்பதை அத்தெருவில் அஞ்சி நடந்தவர் நன்கு அறிவார்.

சொல் மாறினால் பார்வை மாறும்

ஒரு சமூகம் எவ்வாறு சிந்திக்கிறது என்பதை அதன் சொற்கள் காட்டிக்கொடுக்கும். 1998ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ‘ஈவ் டீசிங்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. தமிழில் அதனைக் ‘கேலி’, ‘கிண்டல்’ என்றே பலரும் வழங்கினர். கேலி என்பது நண்பர்களுக்கிடையே இருவரும் சிரிக்கும் விளையாட்டு. ஒருவர் அஞ்சி நடுங்க, மற்றவர் மகிழ்வதைக் கேலி என்பது குற்றத்தை விளையாட்டாக்கும் செயல். பின்னர் அச்சட்டத்தின் பெயர், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. பெயர் மாறியபோது செயலின் உண்மைத் தன்மை வெளிப்பட்டது.

நாளிதழ்களில் முன்பு பெருவழக்காக இருந்த ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லும் இத்தகையதே. பாதிக்கப்பட்டவரிடம் ஏதோ அழிந்துவிட்டது என்னும் பொருளைத் தந்து, பழியை அவர்மீதே அச்சொல் சுமத்தியது. அதன் இடத்தில் ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் தொடர் இன்று வழங்குகிறது. இத்தொடர் கொடுமை செய்தவனின் செயலைச் சுட்டுகிறது. நாணவேண்டியவர் யார் என்பதை மொழி திருத்திச் சொல்லும்போது, பாதிக்கப்பட்டவர் தலைநிமிர்ந்து பேச வழி பிறக்கிறது.

இச்சமூகம் திருத்தவேண்டிய மற்றொரு பிழை, மறுப்பைச் சம்மதமாகக் கொள்ளுதல். விடாது பின்தொடர்ந்தால் பெண்ணின் மனம் மாறும் என்று திரைப்படங்கள் பல தலைமுறையாகக் காட்டிவந்துள்ளன. ‘இல்லை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒரே பொருள்தான் உண்டு. மறுப்பைத் தோல்வியாகவும், தோல்வியை இழிவாகவும் கருதும் மனநிலை, தொல்லையில் தொடங்கி உயிர்ப்பலியில் முடியக்கூடும். மறுக்கப்படுதல் வாழ்வின் இயல்பு. அதனைத் தாங்கிக்கொள்ளுதல் பண்பின் முதிர்ச்சி என்பதை ஆண்பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் கற்பித்தல் வேண்டும்.

மௌனத்தின் விலை

சட்டங்கள் பலவாக இருந்தும் அவற்றின் கதவைத் தட்டுவோர் ஏன் சிலராக இருக்கின்றனர்? விடை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுத்ததை ஒரு மாணவி தன் வீட்டில் சொல்வதாகக் கொள்வோம். ‘அந்த நேரத்தில் ஏன் போனாய்?’, ‘நீ என்ன செய்தாய்?’ என்பவை அவரிடம் கேட்கப்படும் முதல் வினாக்களாக அமையலாம். அடுத்த வாரம் அவருடைய கல்லூரிப் படிப்பே நின்றுபோகலாம். திருமணப் பேச்சு தொடங்கலாம். உண்மையைச் சொன்னால் படிப்பை இழக்க நேரும் என்று அறிந்த பெண், சொல்லாமல் தாங்கிக்கொள்வதையே தேர்ந்தெடுப்பார். அம்மௌனத்தைக் குற்றவாளி நன்கு அறிவான். அதன் துணையால்தான் அவன் அடுத்த அடியை எடுத்துவைக்கிறான்.

சட்டத்தின் எந்திரம் ஒரு புகாரில் இருந்தே இயங்கத் தொடங்குகிறது. புகாரோ, அச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு வீட்டிலிருந்து பிறக்கிறது. பொள்ளாச்சி வழக்கு இதற்குச் சான்று. 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அக்கொடுமையில், பாதிக்கப்பட்ட பெண்கள் முன்வந்து சான்று பகர்ந்தனர். 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. அப்பெண்கள் பேசியிராவிடில் எச்சட்டமும் அவர்களுக்கு உதவியிராது.

ஆகவே, சமூக மாற்றத்தின் முதற்படி ஒரு வாக்குறுதியாகும். ‘என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், அதற்காக உன் படிப்பு நிற்காது’ என்று ஒவ்வொரு பெற்றோரும் தம் மகளுக்கு அளிக்கும் வாக்குறுதி அது. ‘நான் பார்த்தேன், நான் சாட்சி சொல்வேன்’ என்று உடன்பயணிப்பவர் அளிக்கும் துணை இரண்டாம் படி. தன் நண்பன் எல்லை மீறும்போது சிரிக்காமல், ‘இது தவறு’ என்று ஓர் இளைஞன் சொல்லும் துணிவு மூன்றாம் படி. இம்மூன்றுக்கும் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.

திருநீர்மலையில் நீர் தானாக வடியும்வரை ஆழ்வார் காத்திருந்தார். பெண்களின் வழியில் சூழ்ந்திருக்கும் அச்சமோ தானாக வடிவதன்று. சட்டம் மடையைத் திறக்கும். வாய்க்காலை வெட்டவேண்டியது சமூகம். நள்ளிரவில் பணி முடிந்து தொடர்வண்டியிலிருந்து இறங்கும் ஒரு பெண், திரும்பிப் பார்க்காமல், கைப்பையை இறுகப் பற்றாமல், இயல்பாக நடந்து வீடு சேரும் நாளே பாதை யாவர்க்கும் பொது என்பது உண்மையாகும் நாள்.

தெரிந்து தெளிவோம்

- பெண்கள் உதவி எண் – 181. சிறார் உதவி எண் – 1098. அவசர உதவி – 112. தொடர்வண்டிப் பயணிகள் உதவி – 139. இணையவழிக் குற்றப் புகார் – 1930.
- குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுத்தல் கூடாது.
- தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பட்டது.
- 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் தான் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையை அளிக்கிறது.
- 18 வயது நிறையாத சிறுவர், சிறுமியர் இருபாலரையும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையை வரைந்து, விளக்கில்லாத இடங்களையும் பாதுகாப்பான இடங்களையும் குறிக்க. விளக்கு வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.
2. பெண்களைக் குறித்து நாள்தோறும் வழங்கும் சொற்கள், பழமொழிகள் ஆகியவற்றுள் மாற்றப்பட வேண்டியவற்றைத் தொகுத்து, ஏற்ற மாற்றுச்சொற்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா

1. செங்கல்பட்டு மாநாடு பெண்களுக்காக இயற்றிய தீர்மானம் யாது?
2. ‘கேலி’ என்னும் சொல் துன்புறுத்தலைக் குறிக்க ஏன் பொருந்தாது?

சிறுவினா

1. பெண்களின் இரவுப்பணி குறித்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு பொறுப்பை யாரிடம் மாற்றியது? விளக்குக.
2. பேருந்தில் துன்புறுத்தல் நிகழும்போது ஓட்டுநர், நடத்துநர், உடன்பயணிகள் ஆகியோரின் கடமைகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

‘சட்டம் மடையைத் திறக்கும், வாய்க்காலை வெட்டவேண்டியது சமூகம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.